கெட்டவன் தலையில சந்தனம்

டி.வி.யில குஸ்தி வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எந்திரிச்சுப் போற கெழடுகளுக்கெல்லாம் இதச் சொல்றேன். ஒக்காருங்கடி. மூட்டு வலின்னு இப்பத்தான சொன்னீக, பின்ன எங்க ஓடுறீக? நாடகத்துல மாமியாக்காரி மருமகளுக்கு வெசம் வைக்கிறத வாயத் தொறந்து பாக்குறீக. ஆம்பளைக ரெண்டு பேரு ஜட்டியோட கட்டிப் பெரண்டா மட்டும் அசிங்கமாப் போச்சா? எல்லாம் பொய்யிங்கிறீக. ஆமா, பொய்யிதான். மாமியா வச்ச வெசம் மட்டும் நெசமாக்கும்.

நான் அடியப் பாக்குறதில்ல. கெட்டவனத்தான் பாக்குறது. குஸ்தியில நல்லவனா வர்றவன் எப்பவும் மண்ணாந்தை. அவனுக்குத் தெரிஞ்சது நாலு பிடி, ஒரு சிரிப்பு. கையத் தூக்குவான், சனம் கத்தும், முடிஞ்சுபோச்சு அவன் சோலி. எப்ப முதுகுல குத்தணும், எப்பக் காலப் பிடிச்சுக் கெஞ்சணும், எப்பப் பயந்தவன் மாதிரி கயித்துக்கு வெளிய ஓடணும்னு அம்புட்டும் கெட்டவன் பாத்துக்கிறது. நல்லவன் தூக்கிப் போடுறான்னு நீங்க நெனைக்கிறீக. கெட்டவன்தான் எம்பி விழுகுறான். அவன் எம்பலைன்னா அந்தத் தடிமாட்டால ஒரு பூண்டு மூட்டையக் கூட அசைக்க முடியாது.

இப்ப வர்ற கெட்டவனுகளுக்குப் பொறுமை பத்தல. மைக்கப் பிடிச்சுக்கிட்டு அரைப்பொழுது பேசுறான். கெட்டவன் பேசலாமா? பேசுனா அவனும் நம்மள மாதிரி ஒரு ஆளாயிருவான். சும்மா நின்னே வகுத்தெரிச்சலக் கெளப்பணும். அப்பிடி ஒருத்தன நான் பாத்திருக்கேன். பழனியில, பாவாடை கட்டுன வயசுல.

எங்க ஊரு பழனிக்கு மேல இருக்குற மேமலை, கூக்காலுக்குப் பக்கம். அந்த வருசம் எங்கம்மா நெறமாசமா இருந்தா. வீட்டுல நான் ஒரு எடைஞ்சலு. எங்கப்பா பூண்டு மூட்டைகளோட என்னயும் ஒரு மூட்டையாக் குதிரை மேல ஏத்தி, மலையெறக்கி, பழனி அடிவாரத்துல அத்தை வீட்டுல போட்டுட்டுப் போயிட்டாரு. பங்குனி மாசம். கம்பளிக்குள்ள கெடந்து வளந்த ஒடம்புக்கு அந்த வெக்கை ஆகல. மேலெல்லாம் வேக்குரு. ஊரு பூரா காவடி, மொட்டைத் தலை, குதிரை வண்டிக்காரன் சத்தம், பஞ்சாமிர்தத்துக்கு மொய்க்கிற ஈ. எல்லாத்துக்கும் மேல சந்தன வாசம்.

அந்தச் சந்தனம் எங்க வீட்டுச் சந்தனம். அத்தை புருசன், எங்க மாமா, அடிவாரத்துல சந்தனக்கடை வச்சிருந்தாரு. நேந்துக்கிட்டவுக முடி எறக்கி, பொய்கையில முங்கி எந்திரிச்சு வருவாக. மாமா அவுக மொட்டையில சந்தனத்த வழிச்சுப் பூசிவிடுவாரு. மனுசனுக்கு மூஞ்சி ஞாபகமே இருக்காது, மண்டைதான். "அந்தா போறாரு பாரு, பின்மண்டையில பள்ளம், போன பங்குனிக்கு வந்தவரு"ம்பாரு. எனக்குக் கிண்ணம் பிடிக்கிற வேலை.

அந்தப் பங்குனிக்குத்தான் குஸ்திக் கம்பெனி வந்து கொட்டகை போட்டுச்சு. வண்டியில தட்டி கட்டி, தமுக்கடிச்சு, கலர் நோட்டீசா எறிஞ்சுக்கிட்டே போனாக. பிள்ளைக பூராம் பின்னாடியே ஓடுச்சு. நோட்டீசுல இருந்த பேரெல்லாம் வாயில நுழையாது. எங்களுக்கு ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன், தீந்துச்சு. அதுபோக ரசியாவுல இருந்து வந்த முகமூடிக்காரன்னு ஒருத்தன். கம்பெனிச் சமையக்காரன்தான் அது. மூஞ்சிய மூடுனா, கால்ல இருக்குற ஆறு வெரல என்ன செய்வான்? காலையில சந்தையில கத்தரிக்கா பொறுக்குன அதே காலு சாயந்தரம் ரசியாக் காலா ஆடும். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. சனத்துக்கு ஒரு ரசியாக்காரன் வேணும், வந்துட்டான், போதும்.

நல்லவன் செவப்பு. நல்ல சிரிப்பு. முதுகுல செவப்புச் சாட்டின் போர்வை ஒண்ணு போட்டுக்கிட்டு வருவான், ஓரமெல்லாம் ஜரிகை. விளக்கு வெளிச்சத்துல தண்ணி மாதிரி ஓடும் அந்தத் துணி. அவன் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, எனக்குக் கண்ணு அந்தத் துணி மேலதான்.

கெட்டவன் கருங்கல்லு. காது ரெண்டும் அடிபட்டு அடிபட்டுப் பணியாரம் மாதிரி உப்பிக் கெடக்கும். முடி இடுப்பு வரைக்கும். அதக் கொண்டை போட்டு வருவான். மேடையேறி, யாரையும் பாக்காம, கொண்டைய மெதுவா, நம்ம குளிக்கப் போறப்ப அவுக்கிற மாதிரி அவுப்பான். அதுக்கே பொம்பளைக மண்ண வாரித் தூத்துவாக. அப்புறம் நல்லவனோட போர்வைய எடுத்து ஒரு காலத் தொடைப்பான். யோசிப்பான். இன்னொரு காலையும் தொடைப்பான். இன்னும் ஒரு அடி விழுந்திருக்காது, கொட்டகை பத்திக்கும்.

மாமாதான் முன்வரிசை. "ஏலே, துணிய வையிலே! ஒங்க ஆத்தா நெய்ஞ்ச துணியாலே அது?" அழுகுன தக்காளி, பழத்தோலுன்னு கையில கெடைச்சதெல்லாம் எறிவாரு. ஒருநாளு கால்ல கெடந்த செருப்பே போச்சு. கெட்டவன் அதக் குனிஞ்சு எடுத்தான். மோந்து பாத்தான். மூக்கப் பொத்திக்கிட்டு முகமூடிக்காரங்கிட்ட நீட்டுனான். கொட்டகையே சிரிச்சுப் போச்சு. மாமா ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சோறு திங்கல. "அந்த நாய் சாகுறத நான் பாக்கணும்"னாரு. சந்தனம் பூசுற கை.

இதுல கூத்து என்னன்னா, அந்தக் கெட்டவன் தங்கியிருந்தது எங்க அத்தை வீட்டுலதான். பின்கட்டு அறைய மலைக்கு வர்றவுகளுக்கு விடுவாக. கம்பெனி மொதலாளி மெட்ராசுக்காரரு, வெவரமான ஆளு. நல்லவனத் தங்கூட லாட்ஜுல வச்சுக்கிட்டு, கெட்டவன இங்க தள்ளிட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறத ஊரு பாத்தா யாவாரம் போச்சுல்ல. மாமா ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேக்குறீகளா? "எதிரி நம்ம கண்ணு முன்னாடி கெடக்கட்டும்"னாரு. அத்தை அவனுக்குச் சோறு போடுற அழகு இருக்கே, எட்டி நின்னு, கொழம்ப ஒசரத்துல இருந்து ஊத்துவா. மேல தெறிக்கணும்னே ஊத்துறது. அவன் தொடைச்சுக்கிட்டுத் திம்பான்.

ஒருநாளு வெள்ளனே ஆட்டுக்குட்டிய அவுக்கப் பின்வாசலுக்குப் போனேன். தலையில துண்டப் போத்திக்கிட்டு ஒருத்தன் படியில குத்த வச்சிருந்தான். பின்னாடி கெட்டவன் ஒக்காந்து அவன் எடது தோளுல எண்ணெயத் தேச்சுக்கிட்டு இருந்தான்.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. நான் எறிஞ்சு எறங்குன தோளு. கூடப் பொறந்தவன் எனக்குத் தெரியாதா?"

துண்டு நழுவுச்சு. பாத்தா நல்லவன். கூடப் பொறந்த அண்ணன் தம்பிக! முந்துன சாயந்தரம்தான் கெட்டவன் இவன் கழுத்த மிதிச்சுக்கிட்டு நின்னான். கெட்டவன் என்னயப் பாத்துட்டான். "ஏ குட்டி, வெளிய சொன்ன, ஆட்டுக்குட்டிக்குப் பதிலா உன்னயக் கட்டிப் போட்டுருவேன்."

சொல்லாம இருக்க நான் என்ன ஊமையா? வெரசா ஓடிப்போயி மாமாகிட்டச் சொன்னேன். "மாமா, அவுக ரெண்டு பேரும் அண்ணன் தம்பி." மாமா சந்தனக் கல்ல விட்டுக் கைய எடுத்தாரு. யோசிச்சாரு. "அப்பிடிப் போடு. பங்காளிகளா? வெறும் சண்டையில்லடி இது, சொத்துத் தகராறு. அதான் அம்புட்டு வெறி."

பெரியவுகளுக்கு என்னத்தச் சொன்னாலும் அவுக நெனப்புக்குத்தான் வளைச்சுக்கிருவாக. இன்னைக்கு நீங்களும் அப்பிடித்தான் இருக்கீக, மொறைக்காதீக.

தேரெல்லாம் முடிஞ்சு கூட்டம் கொறைஞ்சதும் மொதலாளி புது நோட்டீசு போட்டாரு. கடைசி ஆட்டம், பகலாட்டம், தோத்தவனுக்கு மேடையிலயே மொட்டை. மத்த ஊருல அது பெரிய அவமானம். கூட்டம் நெரியும். ஆனா பழனியில மொட்டையாம்! பொறந்த பிள்ளையில இருந்து கெழடு கட்டை வரைக்கும் மொட்டையாத் திரியிற ஊரு. அந்த மெட்ராசுக்காரருக்கு அது ஒறைக்கல.

மாமாவுக்குக் கெட்டவன் தோப்பாங்கிறதுல சந்தேகமே இல்ல. மத்தியானச் சோத்துக்குக் கெட்டவன் ஒக்காந்திருக்குறப்ப, செவத்தப் பாத்துப் பேசுற மாதிரி சத்தமாச் சொன்னாரு. "மேடையில எறக்குற முடி சாமிக்குச் சேருமா? சேராது. கூட்டித் தள்ளிச் சாக்கடையில போடுவான். அதக் கண்ணாரப் பாத்துட்டுத்தான் எனக்குத் தூக்கம்." சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டாரு.

சோத்துல வச்ச கெட்டவன் கை அப்பிடியே நின்னுச்சு. அத்தைகிட்ட அவன் வாயத் தொறந்தது அன்னைக்குத்தான்.

"தாயி, இது நேந்த முடி."

அத்தை கரண்டியோட நின்னா. "எதுக்கு நேந்தது?"

"தம்பி தோளுக்கு. ஒரு ஊருல நான் எறிஞ்ச எறி தப்பிப் போச்சு. கை வராதுன்னுட்டாக. பழனிக்காரா, அவன் கை தூக்குனா என் முடி ஒனக்குன்னேன். தூக்கிட்டான். அன்னையில இருந்து கத்தி படல."

"மொதலாளிகிட்டச் சொல்றது?"

"சொன்னேன். முடிதான்டா டிக்கெட்டு, சாமிக்குத் தாடியக் குடுன்னுட்டாரு."

 அன்னைக்கு அத்தை கரண்டி கொஞ்சம் கீழ எறங்கி வந்துச்சு. கொழம்பு தெறிக்கல.

கடைசி ஆட்டத்தன்னைக்கு வெள்ளனே, வழக்கம் போலத் தம்பிக்காரன் தோளக் காட்ட வந்தான். அண்ணன் பேச்சக் கேட்டு அழுகாத கொறை. "மொதலாளி வெரட்டி விட்டுருவாருண்ணே. நமக்கு வேற என்ன தெரியும்?"

"மூட்டை தூக்கத் தெரியும். ஒட்டன்சத்திரத்துல இல்லாத மூட்டையா?" எண்ணெயத் தேச்சுக்கிட்டேதான் சொன்னான். "இந்தத் தோளு பழனிக்காரங்கிட்டக் கேட்டு வாங்குனதுடா. ஏமாத்துனா, குடுத்தத எடுத்துக்கிருவான்."

விடிஞ்சு கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நான் கடையில கிண்ணத்தோட நிக்கிறேன். மொட்டையா வந்து வந்து குனியுது. மாமா யாரோடயோ பேசிக்கிட்டே பூசுறாரு. பானை தண்டிக்கு ஒரு மண்டை வந்து குனிஞ்சுச்சு. மாமா ஒரு கை வழிச்சு உச்சியில அப்புனாரு. நெத்திக்குத் தேச்சாரு. காதுக்குப் பின்னாடி வந்தாரு. கை நின்னுபோச்சு. அந்தப் பணியாரக் காது.

"பூசுங்க"ன்னான் கெட்டவன், நிமிராம. "பாதியில விடாதீக."

மாமாவுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மனுசன் எதுக்கும் அழுது நான் பாத்ததில்ல, ஆடு செத்ததுக்குத் தவிர. மிச்சச் சந்தனம் பூராத்தையும் அந்தத் தலையிலயே அப்பிட்டாரு. "சாமி, தெரியாம எறிஞ்சுட்டேன் சாமி"ங்கிறாரு. போன வாரம் சாகணும்னு சொன்ன நாய் இப்பச் சாமியாயிருச்சு. நடுவுல என்ன மாறுச்சு? முடிதான்.

மத்தியானத்துக்குள்ள அடிவாரம் பூரா தெரிஞ்சுபோச்சு, மாமாவே கடை கடையாப் போயிச் சொல்லிட்டாரு.

மொதலாளி குதிச்ச குதி கொஞ்சமில்ல. டிக்கெட்டு வித்தாச்சு, முடி இல்ல. கொட்டகைக்குப் பின்னாடி நின்னு கத்துனது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சாரு. "தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஏறு. அவன் துண்ட உருவி, மொட்டையில நாலு தட்டு தட்டட்டும். சனம் சிரிச்சுட்டுப் போகும்."

எங்க ஊருல தட்டுனா சிரிச்சிருப்பாக. பழனியில தட்டலாமா? அதச் சொல்ல அந்தக் கம்பெனியில ஒரு பழனி ஆளு இல்ல.

கொட்டகைக் கூரையில கிழிசலு. வெயிலு கம்பு கம்பா எறங்குது. நல்லவன் போர்வையக் கழட்டிக் கயித்து மேல போட்டான். கெட்டவன் துண்டோட நின்னான். அன்னைக்கு அவன் போர்வையத் தொடல, காலத் தொடைக்கல. கொஞ்சம் கட்டிப் பெரண்டாக. நல்லவன் எட்டித் துண்ட உருவுனான்.

மஞ்ச மஞ்சேருன்னு சந்தனத் தலை. சரியா ஒரு வெயில் கம்புக்குக் கீழ.

 பின்னால எங்கயோ ஒரு பொம்பளை "அரோகரா"ன்னா. அடுத்த மூச்சுல கொட்டகை பூராம் "அரோகரா!" பெஞ்சில இருந்தவுகெல்லாம் எந்திரிச்சுக் கையெடுத்துட்டாக.

நல்லவன் மண்ணாந்தைன்னு நான் மொதல்லயே சொன்னேன்ல. அவனுக்குச் சொல்லிக் குடுத்தத அவன் செஞ்சான். சிரிச்சுக்கிட்டே, கைய ஓங்கி, அந்தத் தலையில பட்டுன்னு ஒரு தட்டு. சந்தனம் தெறிச்சுச்சு.

நடக்கப் போறது அண்ணங்காரனுக்கு மொத வெளங்கிருச்சு. அந்த நொடியில இருந்து அவன் காட்டுன வித்தை இருக்கே, இன்னைக்கு டி.வி.யில வர்ற ஒரு பயலுக்கும் வராது. சனம் தன்னய வையணும், தன்மேல கல்ல எறியணும். அப்பத்தான் தம்பி தப்பிப்பான். தம்பியோட காதக் கடிச்சான். மண்ண அள்ளி அவன் கண்ணுல போட்டான். போர்வையக் கீழ போட்டு மிதிச்சான். சனத்தப் பாத்துத் துப்புனான். வாயே தொறக்காத மனுசன், "ஒங்க ஆத்தாள"ன்னு ஆரம்பிச்சு அடிவாரத்துல இருக்குற ஒவ்வொரு குடும்பத்தையும் வஞ்சான்.

சனம் என்ன செஞ்சுச்சு தெரியுமா? கன்னத்துல போட்டுக்கிச்சு. "சாமி வந்திருச்சு! மொட்டைக்கு அருள் வந்திருச்சு!"

அந்தக் கொட்டகையில எனக்கு மட்டுந்தான் வெளங்குச்சு. நான் பெஞ்சு மேல ஏறி நின்னு, "தூ! கெட்டவனே! கெட்டவனே!"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவன் திரும்பி என்னயப் பாத்தான். ஆமா, பாத்தான். அத்தை என் வாயி மேலயே ஒண்ணு போட்டா. "சாமியப் பாத்தாடி துப்புற?" பல்லு ஒதட்டக் கிழிச்சு ரத்தம்.

மாமாதான் முன்னாடி ஏறுனாரு. "நான் பூசுன தலைடா!" அவரு பின்னாடி ஊரே ஏறுச்சு. கெட்டவன் தம்பி மேல கவுந்து படுத்துக்கிட்டான். விட்டாகளா? பக்தியோடதான் தூக்குனாக, ஒரு கீறல் படாம. கையும் காலும் தாங்கித் தோளுல வச்சுக்கிட்டுக் கொட்டகையச் சுத்துறாக. "என் தம்பிடா! அவன விடுங்கடா! பாவிகளா!"ன்னு அவன் கத்தக் கத்த, இவுக "அரோகரா, அரோகரா."

அங்கிட்டு மேல கவுந்து காப்பாத்த ஆளில்லாம நல்லவன் கெடந்தான். கூட்டம் மறைச்சுருச்சு. மாமா அவன் மேல ஏறி நின்னது மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. எடது தோளு. காஞ்ச கொப்ப மொழங்கால்ல வச்சு ஒடிப்போம்ல, அந்தச் சத்தம்.

நேந்துக்கிட்ட முடியக் குடுத்தாச்சு, பொழுது சாயிறதுக்குள்ள தோளயும் எடுத்தாச்சு. ஏமாத்துனாத்தான் எடுப்பான்னு பாவம் அவன் நெனச்சிருந்தான்.

நல்லவனக் குதிரை வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. அந்தக் கை அப்புறம் தொங்கலாத்தான் இருந்துச்சுன்னு அந்த ஆறு வெரலுச் சமையக்காரன் சந்தையில சொல்லிக்கிட்டு இருந்தான். மறுநாளு கொட்டகையப் பிரிச்சாக. கெட்டவன் தன் தகரப் பெட்டிய எடுக்கப் பின்கட்டுக்கு வந்தான். அத்தை தலைவாழை எலை போட்டு, பக்கத்துலயே ஒக்காந்து, நெய்ய வழிய வழிய ஊத்துனா. "சாப்பிடுங்க சாமி."

அவன் எலையப் பாத்தான். நெய்யி வடிஞ்சு தரைக்கு ஓடுது.

"தாயி, முந்தி மாதிரியே ஊத்தியிருக்கலாம்"னான். தொடாம எந்திரிச்சுட்டான்.

வாசல்ல கொடியில அந்தச் செவப்புச் சாட்டின் போர்வை காஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. மாமா சண்டையில பிடுங்கிட்டு வந்தது. ரத்தமும் சந்தனமும் போக அத்தை சீயக்கா போட்டு அலசி விட்டிருந்தா. கெட்டவன் அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னான். அத்தையும் மாமாவும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாக. கேட்டிருந்தா குடுத்திருப்பாக. அவன் கேக்கல. பெட்டியத் தலையில வச்சான். சந்தனம் காஞ்சு வெடிச்சு, நடக்க நடக்க உதுந்துக்கிட்டே போச்சு.

சாகுற வரைக்கும் மாமா அதச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. சாமி தலையில கை வச்சவன எங்கையால நான் என்ன செஞ்சேன் தெரியுமான்னு, சந்தனம் பூச வர்றவுககிட்டயெல்லாம். கேட்டவுகளும் கும்பிட்டாக.

அந்தத் துணிய வெட்டி அத்தை தலகாணி உறை தச்சா. ஒண்ணு எனக்குன்னு குடுத்துவிட்டா. மேமலைக்குக் கொண்டு போயி, கண்ணாலம் ஆகுற மட்டும் அதுலதான் தலைய வச்சுப் படுத்தேன். வழுவழுன்னு இருக்கும், குளிருக்குக் கன்னத்துல பட்டா அப்பிடி ஒரு சொகம். படுத்ததும் தூக்கம் வந்துரும்.